கொலோனில் ஒரு குரங்குக் குல்லா

அந்தப் போர்டையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க தம்பி, அது இப்போதைக்கு மாறாது. தோகா ஃப்ளைட்டுதானே? லேட்டுன்னு போட்டுட்டா லேட்டுதான். இப்படி உக்காருங்க. நீங்க போன்ல ‘பாப்பா, பயப்படாம வா, அண்ணன் வெளியவே நிக்கிறேன்’னு சொன்னதக் கேட்டேன். அதான் நின்னுட்டேன். தங்கச்சியா வருது? மொத தடவையா? நல்லது. வரட்டும்.

நான் யாரையும் கூப்பிட வரல. ஏத்திவிட வந்தவன். என் தம்பி, தங்கச்சி, தங்கச்சி மகன், மூணு பேரையும் இப்பத்தான் மேல செக்யூரிட்டிக்குள்ள அனுப்பிட்டு இறங்கி வர்றேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு கை காட்டுனாய்ங்க. நான் காட்டல. பாக்காத மாதிரி திரும்பிட்டேன்.

கல் நெஞ்சுக்காரன்னு நினைக்காதீங்க. கேட்டா நீங்களே சொல்லுவீங்க, ‘அண்ணே, நீங்க செஞ்சதுதான் சரி’ன்னு. கூடப் பொறந்தது ரெண்டும் சேந்து என் முதுகுல குத்திருச்சு தம்பி. வேத்தாளு செஞ்சா துடைச்சுப் போட்டுட்டுப் போயிரலாம். இது ஆற மாட்டேங்குது.

என் பேரு வனராஜு. உசிலம்பட்டிப் பக்கம். இங்க ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்துல ஆஃபன்பாக்ல இருக்கேன், ஒரு கார் பாகங்கள் குடோன்ல ஷிஃப்ட் போடுற வேலை. யாருக்கு எந்த ஷிஃப்ட்டு, யாருக்கு என்னைக்கு லீவு, அம்புட்டும் என் கையிலதான். நான் ஒரு நாள் இல்லேன்னா அங்க யாரு எங்க நிக்கணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதச் சொல்லித்தான் நானும் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

எங்க வீட்டுல மூணு பேரு. நான் மூத்தவன். அடுத்தவன் பரமன், தேனியில தென்னைநாருக் கம்பெனி வச்சிருக்கான். கடைசி பவளக்கொடி. அவளுக்கு ஒரே பய. பள்ளிக்கூடத்துல ரித்விக்குன்னு குடுத்திருக்காய்ங்க. நான் மாப்ளன்னுதான் கூப்பிடுவேன். நாலு வயசு. எனக்குப் புள்ளகுட்டி இல்ல தம்பி. இல்லேன்னா இல்ல, அதுக்கு என்ன இப்ப. அந்தப் பய இருக்கான்னு இருந்தேன்.

நீங்க எந்தூரு? சேலமா. உங்க பக்கமும் தாய்மாமன் மடிதானே? எங்க பக்கம் அது சும்மா சடங்கு இல்ல. குலசாமி கோயில்ல முடி இறக்கி, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். மேளத்தோட சீர்வரிசை வரும், கிடா வெட்டு, விருந்து, எல்லாம் அப்புறம். மொதல்ல மடி. மூத்த தாய்மாமன் இருக்கையில இன்னொருத்தன் மடியில உக்காத்துனா அந்த மூத்தவன் செத்துட்டான்னு அர்த்தம். நான் உசுரோட இருக்கேன்ல?

பய பொறந்த அன்னைக்கே சொல்லிட்டேன். ‘கொடி, காதுகுத்து எம்மடிதான். நான் வர்ற வரைக்கும் ஆசாரிய வாசப்படி ஏத்தாத.’ மதுரையில சொல்லி சிவப்புக்கல் கடுக்கன் ஒரு ஜோடி வாங்கிட்டேன். பீரோவுல வச்சு அப்பப்ப எடுத்துப் பாப்பேன். மொத வருஷம் லீவு அமையல. அடுத்து வீடு மாறுனோம். அதுக்கடுத்து டிக்கெட்டே போட்டேன், ஆடிட்டுன்னு ஒண்ணு வந்து நின்னுருச்சு. போன வருஷம் என்னமோ ஒண்ணு, இப்ப ஞாபகம் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் முறையாச் சொல்லிருவேன், ‘அடுத்த தடவை கண்டிப்பா’ன்னு. சொல்லாம விட்டதில்ல.

ஒரு நிமிஷம். போன் அடிக்குது. இவதான். தங்கச்சி. கெடக்கட்டும்.

இந்த ஜூன்ல பரமனுக்கு ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு கண்காட்சி. தென்னைநாருல தொட்டி, மிதியடின்னு கொண்டாந்து கடை போட்டான். கொடியும் பயலும் கூடவே வந்தாய்ங்க. எனக்குத் தலகால் புரியல. கண்காட்சி முடிஞ்சு ரெண்டு நாள் மிச்சம் இருந்துச்சு, கொலோனுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணேன். சென்ட்டு பாட்டில்ல போட்டிருக்குமே, அந்த ஊருதான். எந்த ரயிலு, எங்க சாப்பாடு, எங்க எம்புட்டு நேரம் நிக்கலாம், எல்லாம் நான் ப்ளான் போட்டு வச்சுட்டேன். ‘அண்ணே, எங்கயாச்சும் சும்மா கொஞ்ச நேரம் உக்காரலாம்ணே’ன்னு கொடி சொன்னா. உக்காரவா ஐரோப்பா வந்தோம்?

பய வந்து இறங்கும்போதே தலையில குரங்குக் குல்லா. தெரியுமில்ல, கண்ணு மூக்கு மட்டும் தெரியுமே, ஊட்டிக்குப் போறவன் மாட்டிக்கிட்டுத் திரியுற குல்லா. ஜூன் மாசம் தம்பி. வெள்ளைக்காரன் அரை டவுசரோட ஐஸ்கிரீம் தின்னுட்டுப் போறான், எங்க பய கம்பளிக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறான்.

எனக்கு அப்ப பெருமைதான். ‘குளிரும், குல்லா இல்லாம வராதீங்க’ன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னது நான்தான். அண்ணன் பேச்சக் கேட்டிருக்கா பாருன்னு நினைச்சேன். கேனப்பய நான்.

கழட்டி விடு கொடின்னா, ‘சளிண்ணே’ங்கிறா. ரயிலுக்குள்ளயும் சளி, ஹோட்டல் ரூமுக்குள்ளயும் சளி. தூங்கும்போதும் குல்லா. நான் பயலத் தூக்கப் போனா பரமன் குறுக்க வந்து ‘எங்கிட்ட குடுண்ணே, கனப்பான்’னு வாங்கிக்கிருவான். சரி, பாசம்னு விட்டேன். எனக்கு மனசு கேக்காம நானே ஓடிப்போய் மருந்துக்கடையில என் அரைகுறை ஜெர்மன்ல சளிய விளக்கி, புள்ள வயசையும் குல்லாவையும் சொல்லி, மருந்து வாங்கிட்டு வந்தேன். அந்தம்மா ‘மொதல்ல கம்பளித் தொப்பியக் கழட்டுங்க’ன்னு வைஞ்சுச்சு. ‘எங்க ஊருல இப்படித்தான்’னு அதுகிட்ட சண்டை வேற போட்டேன். மருந்த வாங்கி என் தங்கச்சி என்ன செஞ்சா தெரியுமா? பத்திரமாப் பையில வச்சுக்கிட்டா. இல்லாத சளிக்கு யாரு மருந்து குடுப்பா?

பய எங்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான், அதையும் சொல்லணும். மொத நாளு அம்மாகிட்ட ‘போன் மாமா ஏம்மா இம்புட்டு உசரமா இருக்காரு’ன்னு கேட்டான். போன் மாமாவாம். எல்லாரும் சிரிச்சாய்ங்க. நானும் சிரிச்சேன்.

ரெண்டாவது நாளு அந்தப் பெரிய சர்ச்சுக்குப் போனோம். ஊருக்கே நடுவுல நிக்குது, கறுத்துப்போய், அண்ணாந்தா கழுத்து வலிக்கும். உள்ள போனா சில்லுன்னு ஒரு அமைதி. நான் என் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன், அங்க ஆம்பளைக அப்படித்தான் போகணும். செவப்பு அங்கி போட்ட ஒருத்தர் சனத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. எங்க பயலப் பாத்து லேசாச் சிரிச்சு, தன் தலையத் தொட்டுக் காட்டுனாரு. கழட்டுங்கன்னு.

கொடி மொகம் வெளுத்துருச்சு. ‘வாண்ணே, வெளிய போயிருவோம்’ங்கிறா. பரமன் பயலத் தூக்கித் தோள்ல போட்டுத் திரும்பிட்டான். ‘ஏய், எங்க போறீங்க? சாமி இருக்க எடம், மரியாதைக்குத்தானே கேக்குறாரு’ன்னு நானே எட்டி அந்தக் குல்லாவ உருவிட்டேன்.

மொட்ட அடிச்சு ரெண்டு மாசம் ஆன தலை. முடி அப்பத்தான் பூனைமுடி மாதிரி ஏறியிருக்கு. ரெண்டு காதுலயும் கடுக்கன். பச்சைக்கல்லு.

நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். ரெண்டு மாசமா வீடியோவுல பேசும்போதெல்லாம் பய தலையில துண்டு, இல்லாட்டி விளக்கு அணைஞ்சிருக்கும், இல்லாட்டி ‘தூங்குறாண்ணே’. எல்லாம் அப்பத்தான் ஒண்ணொண்ணா வந்து நிக்குது. கத்தணும் போல இருக்கு. கத்தவும் முடியல, அது கோயிலு. மெதுவா, ரகசியம் பேசுற மாதிரிதான் கேட்டேன்.

‘யாரு மடி?’

பயதான் சொன்னான். ‘சின்ன மாமா மடி. நான் அழவே இல்ல தெரியுமா. ஆசாரி தாத்தா ஊசிய வச்சுக்கிட்டு, பெரிய மாமா போன்ல வருவாரா வருவாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ வரவே இல்ல.’

வெளிய படியில வந்து உக்காந்தோம். கொடி எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொண்டாந்திருந்தா, அத ஒருத்தரும் பிரிக்கல. நான் கேட்டேன், ‘ஏண்டா, நான் செத்தா போயிட்டேன்?’

பரமன் கும்பிடுற மாதிரி கைய வச்சுக்கிட்டு, ‘நாலு தேதி குறிச்சோம்ணே’ங்கிறான். ‘நாலும் உனக்காகத்தான் மாத்துனோம். ஃப்ளெக்ஸ்ல உம்பேருதான் மொதல்ல. உம்போட்டோதான் பெருசு. பாத்தவனெல்லாம் அண்ணன் எங்க அண்ணன் எங்கன்னு கேட்டு எனக்கு மானம் போச்சு.’ பாருங்க தம்பி, ஆளக் கூப்பிடாம போட்டோவ மட்டும் கூப்பிட்டிருக்காய்ங்க.

கொடி அழுதா. ‘எங்க மாமியா என்ன சொன்னாங்க தெரியுமாண்ணே? உங்கண்ணன் வர்றதுக்குள்ள இவனுக்கு மீசை மொளைச்சுரும்னு. நேந்துக்கிட்ட நேர்ச்சையாச்சே, எம்புட்டு நாளு சாமிக்குச் சாக்கு சொல்லுறது? அந்த வீட்டுல நான் தலை நிமிந்து நடக்க வேணாமா? உங்கிட்டச் சொன்னா நீ அடுத்த மாசம்னுவ. அதான் முன்னாடியே சொல்லல. ஆனா அன்னைக்குக் காலையில கோயில்ல இருந்து கூப்பிட்டோம்ல? மூணு தடவை கூப்பிட்டோம். போனப் பய மடியில வச்சு, நீ பாத்துக்கிட்டிருக்கும்போதே குத்தணும்னுதான். நல்ல நேரம் முடியப்போகுது, ஆசாரி நிக்கிறாரு, பய வெயில்ல காயுறான். நீ கட் பண்ணிட்ட.’

இது நியாயமா தம்பி, நீங்களே சொல்லுங்க. இங்க காலையில ஏழு மணி, ஷிஃப்ட் மாறுற நேரம். அந்த நேரத்துல நான் எங்கப்பனே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். அப்புறம் கூப்பிடுறேன்னு மெசேஜ் போட்டேன்ல? போட்டேன். சாயங்காலம் மறந்துருச்சு. வேலை அப்படி. அத ஒரு குத்தமாப் பிடிச்சுக்கிட்டு ‘கூப்பிட்டோம்ல’ங்கிறாய்ங்க. விஷயத்தச் சொல்லிட்டுல்ல கூப்பிடணும்? ‘அண்ணே, இன்னைக்குக் காதுகுத்து’ன்னு ஒரு வரி அனுப்ப எம்புட்டு நேரம் ஆகும்?

எஞ்சட்டைப்பையில அந்தச் சிவப்புக்கல் கடுக்கன் டப்பா இருந்துச்சு. கொலோனுக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். அன்னைக்கு மத்தியானம் ஆத்துல படகுச் சவாரி போகும்போது எல்லாரையும் உக்கார வச்சு, ‘இந்த டிசம்பர் வர்றேன், தேதி குறிங்க’ன்னு சொல்லிக் காட்டணும்னு இருந்தேன். நிசமாத்தான். லீவு கூடக் கேட்டுட்டேன். கேக்கல, கேக்கப்போறேன். அந்த டப்பாவத் தெறந்து கொடி மொகத்துக்கு நேராக் காட்டுனேன். ‘இது யாருக்கு வாங்குனேன் தெரியுமா? எம்புட்டு நாளா வச்சிருக்கேன் தெரியுமா?’ன்னு கேட்டு, டப்புன்னு மூடிப் பையில போட்டுட்டேன். அவ வாயப் பொத்திக்கிட்டு அழுதா. அழட்டும். எனக்கு வலிக்கலயா?

அப்புறம் படகாவது ஒண்ணாவது. ரயிலேறி வந்துட்டோம். பய மட்டும் குல்லா இல்லாத சந்தோஷத்துல ஜன்னல்ல தலையச் சாச்சுக்கிட்டு, ஆத்துல போற படகெல்லாம் எண்ணிக்கிட்டு வந்தான். அதுல ஒரு கொடுமை கேளுங்க. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்ட விஷயத்தச் சொன்னா, அவ அடுப்புல இருந்து திரும்பவே இல்ல. ‘ம்’னா. அம்புட்டுதான். அவளுக்கும் தெரியும் தம்பி. அவ போன்ல போட்டோவே இருக்கு. ‘ஏண்டி எங்கிட்டச் சொல்லல’ன்னா, ‘சொல்ல வந்தேன், நீங்க ஷிஃப்ட்டு போட்டுக்கிட்டிருந்தீங்க’ங்கிறா. என்னையத் தவிர ஊரு உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு. எம்புட்டு அசிங்கமா இருக்கும் சொல்லுங்க.

மறுபடி அடிக்குது பாருங்க. உள்ள போய் உக்காந்தாச்சு போல. இருக்கட்டும்.

இன்னைக்கு நடந்ததச் சொல்லிர்றேன், உங்க ஃப்ளைட்டும் வந்துரும். மேல கிளம்புற இடத்துல, அந்த வரிசைச் சேர்ல உக்காந்திருந்தோம். கொடி எழுந்து வந்து எம்முன்னாடி நின்னா. ‘அண்ணே, அந்தக் கடுக்கன எடு’ன்னா. எதுக்குன்னேன். ‘ஓட்டை போட்டது சின்னண்ணன் மடியாவே இருக்கட்டும். கடுக்கன் உம்மடியில ஏறட்டும். இங்கயே மாட்டி விடு. ஊருல போய் எங்க மாமியாகிட்ட, மூத்த அண்ணன் மாட்டி அனுப்புனதுன்னு சொல்லிக்கிறேன். எனக்கு அது போதும்ணே.’ பரமன் அதுக்குள்ள பய காதுல இருந்த பச்சைக்கல்லக் கழட்டித் தன் கையில வச்சிருந்தான். ஏற்கெனவே பேசி வச்சிருக்காய்ங்க.

பயலச் சொல்லவே வேணாம். அவனா ஏறி எம்மடியில உக்காந்துட்டான். உக்காந்து, காதக் காட்டிக்கிட்டு தலையச் சாச்சான். ‘மெதுவா மாட்டு மாமா’ன்னான். சோப்பு வாசம். காதுல அந்தச் சின்ன ஓட்டை. பைக்குள்ள கைய விட்டு டப்பாவத் தெறந்துட்டேன் தம்பி, பொய் சொல்லல.

ஆனா கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? முந்தி ஒருத்தன் மடியில முடிஞ்ச காரியத்துக்கு நான் ஏர்போர்ட்டுல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து மிச்சத்தச் செய்யணுமா? மேளம் இல்ல, சாமி இல்ல, போறவன் வர்றவன்லாம் பெட்டிய இழுத்துக்கிட்டுப் போறான். நான் பயலத் தூக்கிக் கீழ விட்டேன். ‘நேரமாச்சு, கிளம்புங்க’ன்னு எந்திரிச்சுட்டேன்.

பயதான் தெரியாம, தன் காதத் தானே தடவிக்கிட்டு, ‘வலிக்காது மாமா, குத்தியாச்சு’ன்னான். பரமன் அந்தப் பச்சைக்கல்ல மறுபடி மாட்டக்கூட இல்ல, சட்டைப்பையில போட்டுக்கிட்டான். வெறுங் காதோட கூட்டிட்டுப் போறாய்ங்க.

செஞ்சது சரிதானே? என்ன தம்பி, மறுபடியும் போர்டையே பாக்குறீங்க.

உங்க தங்கச்சிக்குப் புள்ள இருக்கா? பொண்ணா. காது குத்தியாச்சா? யாரு மடி? ...உங்க மடியா. இங்க இருந்தா போனீங்க? லீவு குடுத்தானா? ...சம்பளம் இல்லாத லீவா. ஓகோ. சரி, உங்க வேலை அப்படி. விட்டுட்டுப் போகலாம். நம்ம வேலை அப்படி இல்ல.

இந்தா, போர்டு மாறிருச்சு பாருங்க, உங்க ஃப்ளைட் இறங்கிருச்சு. போங்க, முன்னாடி போய் நில்லுங்க. தங்கச்சி வெளிய வந்ததும் உங்க மொகம் தெரியணும்ல.

மறுபடியும் கொடிதான். இந்தத் தடவை வீடியோ. படத்தக்கூட மாத்திட்டா பாருங்க. காலையில வரைக்கும் ஏதோ பூ இருந்துச்சு, இப்பப் பயலோட படம். சந்தனம் பூசின மொட்டைத் தலை, பின்னாடி ஃப்ளெக்ஸ்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல போன அணைக்கச் சொல்லிருவாய்ங்க, அதான் அடிச்சுக்கிட்டே இருக்கா.

எடுக்கலயான்னு கேக்குறீங்களா? இந்தச் சத்தத்துல என்னத்தப் பேசுறது. ஊருக்குப் போய்ச் சேரட்டும் தம்பி. அப்புறம் நானே கூப்பிடுறேன்.